பைக் ஏற்றப் பிக்கப் தேடுகிறீர்களா? முதலில் இஞ்சு டேப்பை எடுங்கள்

“அண்ணா, எத்தனை குதிரைத்திறன் இருந்தால் இரண்டு பைக்கைச் சுமந்துகொண்டு மெட்ராஸ் பக்கம் வரை போகும்?” என்று கேட்டான் சித்தி மகன்.

அவனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வீட்டில் ஒரு கிளாசிக் 350 நிற்கிறது. பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே ஓர் அப்பாச்சி ஆர்ஆர் 310 வைத்திருக்கிறான். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நாளெல்லாம் ஓட்டிவிட்டு, அதே பைக்கில் முந்நூறு கிலோமீட்டர் பெங்களூருவுக்குத் திரும்ப உடம்பு கேட்பதில்லை. விழுந்து ஒரு லீவர் உடைந்தாலும் வீடு வந்து சேர வழியில்லை. அதனால்தான் பிக்கப் யோசனை.

“குதிரைத்திறன் கிடக்கட்டும், அந்த இஞ்சு டேப்பை எடுத்து வா” என்றேன்.

பைக் ஏற்ற வண்டி தேடும் எவரும் முதலில் எடையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளாசிக் 350 பெட்ரோலோடு 195 கிலோ. ஆர்ஆர் 310 ஏறத்தாழ 174 கிலோ. இரண்டும் சேர்ந்து 370 கிலோவுக்குள், அதாவது ஏழெட்டு அரிசி மூட்டை. கலாசிபாளையத்தில் நிற்கும் எந்தக் குட்டி யானையும் இதைவிட இரண்டு மடங்கைத் தினமும் முனகாமல் சுமக்கிறது. 2005-இல் வந்த டாடா ஏஸுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்தான் குட்டி யானை. அதன் வழக்கமான சுமைத்திறனே முக்கால் டன் அளவில் இருக்கிறது.

ஆகவே எடை ஒரு பிரச்சினையே இல்லை. பைக் என்பது கனமான பொருள் அல்ல, நீளமான, ஒல்லியான, தானாக நிற்கத் தெரியாத பொருள். சரக்கு வைக்கும் பின்தொட்டியின் நீளம், தரையிலிருந்து அதன் தளத்தின் உயரம், கட்டுவதற்கான இடம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். எஞ்சினைப் பற்றி விற்பனையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, டேப்பை விரியுங்கள்.

நீளத்தில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் கிளாசிக் 350-இன் நீளம் 2,145 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். ஏழடிக்குக் கொஞ்சம் அதிகம். இது முன் சக்கரத்தின் நுனியிலிருந்து பின் மட்கார்டின் வால் வரை உள்ள நீளம். தொட்டியின் பின்கதவு மூடுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த நீளம் அல்ல. மட்கார்டு வால் கதவின் விளிம்புக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டு நிற்க முடியும். கதவை இடிப்பது சக்கரம்தான். எனவே நமக்கு வேண்டியது முன் டயரின் முன் விளிம்பிலிருந்து பின் டயரின் பின் விளிம்பு வரை உள்ள அளவு. வீல்பேஸோடு, அதாவது இரண்டு சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தோடு, முன் டயரின் பாதியையும் பின் டயரின் பாதியையும் கூட்டினால் அது கிடைத்துவிடும். கிளாசிக்கின் வீல்பேஸ் 1,390. அதன் 19, 18 அங்குலச் சக்கரங்களுக்கு டயரோடு சேர்த்து இன்னொரு 655 வரும். மொத்தம் 2,045 மில்லிமீட்டர். ஏஸ் கோல்டு வகையின் தொட்டி 2,200 நீளம். கதவு மூடிய பிறகும் அரைச் சாண் மிச்சம் இருக்கும்.

இப்போது ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொள்வோம். வீல்பேஸ் 1,510, முன்னால் 21 அங்குலச் சக்கரம். அதே கணக்கில் 2,190-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. காகிதத்தில் ஏஸ் தொட்டிக்குள் அடங்கிவிடும். நேரில் ஒரு விரற்கடைதான் மிச்சம். முன் சக்கரம் உருளாமல் இருக்கக் கட்டை வைக்க வேண்டுமென்றால் அதுவும் போய்விடும். இந்த மாதிரிப் பைக் வைத்திருப்பவர்கள் எட்டடிக்குக் குறைந்த தொட்டியைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. டாடா இன்ட்ரா வி30-இன் தொட்டி 2,690 மில்லிமீட்டர் நீளம், 1,620 அகலம். பொலிரோ பிக்கப்பில் நீளத் தொட்டி வகை ஒன்பது அடி. அசோக் லேலண்டின் தோஸ்த்தும் எட்டடியைத் தாண்டிவிடும். இவற்றில் எந்தப் பைக்கும் தாராளமாக நிற்கும்.

அகலத்துக்கு ஹேண்டில்பாரை அளக்க வேண்டும். கிளாசிக்கின் அகலம் 785 மில்லிமீட்டர், அப்பாச்சியும் ஏறத்தாழ அதேதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் 1,570. இன்ட்ராவில் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு நெருக்கி நிறுத்தலாம். ஏஸின் தொட்டி 1,490தான், அதில் நேருக்கு நேர் இடிக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பைக்கை முன்பார்த்தும் மற்றதைப் பின்பார்த்தும் நிறுத்தினால் ஒன்றின் ஹேண்டில்பார் இன்னொன்றின் மெலிந்த இருக்கைப் பக்கம் வந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் முழங்கை இடிக்காமல் உட்காருவதைப் போலத்தான். பெரிய பொலிரோவில் இதே முறையில் மூன்று பைக்குகளை ஏற்றுகிறவர்கள் உண்டு.

சித்தி மகனின் மனம் உண்மையில் வேறொரு வண்டியின்மேல் இருந்தது. இரட்டைக் கேபின் கொண்ட இசுஸு வி-கிராஸ். நான்கு கதவு, ஐந்து இருக்கை, ஏசி, பார்த்தாலே கம்பீரம். டொயோட்டா ஹைலக்ஸும் இதே இனம். வெள்ளை நம்பர் பலகையோடு சொந்த வண்டியாகவே பதிவு செய்யலாம், அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் முன்னால் ஐந்து பேர் உட்காரும் இடம் எங்கிருந்து வந்தது? தொட்டியிலிருந்து வெட்டி எடுத்தது. வி-கிராஸின் தொட்டி 1,485 மில்லிமீட்டர், ஐந்து அடிகூட முழுதாக இல்லை.

இதில் கிளாசிக்கை நேராக ஏற்றினால் என்ன ஆகும்? முன் டயர் முன்சுவரில் முட்டி நின்றால், அது தளத்தைத் தொடும் இடம் சுவரிலிருந்து 330 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். அங்கிருந்து வீல்பேஸ் 1,390. பின் டயர் தரை தொடுவது 1,720-இல். தொட்டியோ 1,485-இல் முடிந்துவிட்டது. ஆக, பின் சக்கரம் நிற்பது திறந்து கிடக்கும் பின்கதவின்மேல். பைக்கின் எடையில் பாதி, ஏறத்தாழ நூறு கிலோ, இரண்டு கம்பிவடங்களில் தொங்கும் கதவின்மேல் ஒவ்வொரு வேகத்தடையிலும் குதிக்கும். மூலைக்கு மூலை சாய்த்து நிறுத்தினால் ஒரு பைக்கின் இரண்டு சக்கரங்களையும் உள்ளே கொண்டுவரலாம். ஒன்றுதான். இரண்டாவது பைக்குக்கு இடம் கிடையாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சுமை வண்டியின் உடலைத் தாண்டிப் பக்கவாட்டிலோ பின்னாலோ அனுமதித்த அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். ஓசூர் ரோட்டில் ஒரு காவலர் கைகாட்டினால் அந்த வாரத்துச் செலவுக் கணக்கே புரண்டுவிடும்.

குடும்பத்தோடு வெளியூர் போக ஒரு வண்டி வேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று தடவை ஒரு பைக்கையும் ஏற்ற வேண்டும் என்பவருக்கு இரட்டைக் கேபின் பொருந்தும். பைக் ஏற்றுவதே முதல் வேலை என்பவருக்கு அது விலையுயர்ந்த தவறு.

அடுத்தது தளத்தின் உயரம். வாங்கும்போது யாரும் யோசிக்காத, வாங்கிய பிறகு ஒவ்வொரு வாரமும் முதுகு நினைவூட்டும் விஷயம் இது. தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தடிப் பலகை போட்டு 195 கிலோ பைக்கைத் தள்ளினால், உயரமும் பலகையும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்கின்றன. பைக்கின் எடையில் பாதி, அதாவது 97 கிலோ, உங்களைக் கீழ்நோக்கி இழுக்கும். எட்டடிப் பலகையாக மாற்றினால் அது 61 கிலோவாகக் குறையும். பத்தடியில் 49. பலகை நீள நீளப் பைக் இளைக்கிறது. தள உயரம் மூன்றடியானால் எட்டடிப் பலகையிலும் இந்த 61, 73 ஆகிவிடும். நான்கு சக்கரத்துக்கும் உந்துதல் உள்ள பிக்கப்புகள் மேடான வண்டிகள். காட்டுப்பாதைக்கு நல்லவை, பைக் ஏற்றுகிறவருக்கு எதிரிகள்.

பலகையின் உச்சியில் இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. முன் சக்கரம் தளத்தில் ஏறிவிட்டது, பின் சக்கரம் இன்னும் பலகையில். நடுவில் எஞ்சினின் அடிவயிறு அந்த முனையில் தட்டும். தாழ்வான பைக்குகளிலும், அடியில் ஓடும் சைலன்சர் குழாய்களிலும் இதைப் பார்க்கலாம். சரிவு குறையக் குறைய இந்தத் தட்டலும் குறையும். அதற்கும் நீளப் பலகைதான் மருந்து.

பெங்களூருவுக்கு இயற்கை ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. இங்கே சமதளமான தெரு அபூர்வம். அல்சூரில் எங்கள் தெருவே ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். வண்டியின் பின்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி பள்ளத்தில் நிறுத்தினால் அரையடி உயரம் சும்மாவே குறையும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண்மேடு இருந்தால் பலகையே வேண்டாம்.

பலகை என்றால் இரண்டு பலகைகள். பைக்குக்கு ஒன்று, தள்ளுகிறவர் நடந்து ஏற ஒன்று. ஒற்றைப் பலகையோடு தொடங்கிப் பாதி வழியில் கால் வைக்க இடமில்லாமல் பைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. மரப்பலகையானால் இரண்டு அங்குலத் தடிப்பு வேண்டும். மேலே சணல் சாக்கை ஆணி அடித்து விரித்தால் மழையிலும் வழுக்காது. எதுவானாலும் அதன் மேல்முனையை வண்டியோடு கட்டிவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏற்றும்போது பின் சக்கரம் பலகையைப் பின்னால் உதைக்கிறது. கட்டாத பலகை அப்படியே உருவிக்கொண்டு வெளியே பாயும். பைக்கின் மேலே உட்கார்ந்து ஓட்டி ஏற்றும் வீரம் வேண்டவே வேண்டாம்.

இனி கட்டுவது. இதைப் பற்றி மட்டும் எவ்வளவு எழுதினாலும் தகும், ஏனென்றால் நான் பாடம் கற்றதும் இதில்தான். பல வருடங்களுக்கு முன்பு கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மாமாவின் பழைய யெஸ்டியைப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தோம். மைசூருவில் யெஸ்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்ட பிறகு, அந்தப் பைக்கின் ஒவ்வொரு பாகமும் குலதெய்வத்தின் நகை மாதிரி. வாடகைக்குக் குட்டி யானை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நைலான் கயிற்றால் நாற்புறமும் இழுத்துக் கட்டினோம். கிளம்பும்போது கயிறு வீணை நரம்பு மாதிரி விறைப்பாக இருந்தது. பங்காரப்பேட்டை தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது. பின்னால் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் யெஸ்டி தொட்டியின் பக்கச்சுவரில் தலைசாய்த்துப் படுத்திருந்தது. டேங்கில் ஒரு நெளிவு. மாமா அன்று இரவு சாப்பிடவில்லை.

தவறு மூன்று. நைலான் கயிறு இழுபடும், இழுபட்டால் தளரும். சென்டர் ஸ்டாண்டு பைக்கின் எடையைச் சஸ்பென்ஷனிலிருந்து எடுத்து இரண்டு இரும்புக் கால்களில் வைத்துவிடுகிறது, அந்தக் கால்கள் தகரத் தளத்தில் வழுக்கும். மூன்றாவதுதான் முக்கியம். முன் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குழாய்களை, அமுக்காமல் கட்டினோம். அமுக்காத ஃபோர்க் பள்ளத்தில் உள்ளே போகும்போது ஹேண்டில்பார் தாழும், கயிறு தொய்யும், தொய்ந்த நொடியில் பைக் சாயும்.

சரியான முறை இதற்கு நேர் எதிர். ஸ்டாண்டுகளை மடக்குங்கள். முன் சக்கரத்தைத் தொட்டியின் முன்சுவரில் முட்டவிட்டு, இருபுறமும் கட்டை கொடுங்கள். ஃபோர்க்கின் மேல் கவ்வியில், அல்லது ஹேண்டில்பாரின் அடிப்பகுதியில் துணிவளையம் மாட்டி, இருபுறமும் ரேட்செட் பெல்ட்டால் (நெம்பி நெம்பி இறுக்கும் பட்டை) கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் முன்நோக்கியும் இழுங்கள். ஃபோர்க் தன் பயணத்தில் ஏறத்தாழப் பாதி அமுங்கும் வரை. உள்ளே அமுங்கிய ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் பெல்ட் எப்போதும் இறுக்கமாக இருக்கும். முழுவதும் அமுக்கிவிட்டால் ஆயில் சீல் பாழாகும், குலுங்கலை வாங்க இடமும் இராது. பின்பக்கம் இரண்டு பெல்ட்டுகள் சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல் கியரில் விடுங்கள். கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரம்கட்டி ஒருமுறை பெல்ட்டை இறுக்குங்கள். பிறகு டீக்கடை வரும்போதெல்லாம்.

இதனால்தான் வண்டி பார்க்கப் போகும்போது கொக்கிகளைத் தேடச் சொல்கிறேன். நம் சரக்கு வண்டிகளில் கொக்கிகள் தொட்டியின் வெளிப்பக்கம், தார்ப்பாய்க் கயிற்றுக்காக வைத்திருப்பார்கள். பெல்ட் பக்கச்சுவரின் விளிம்பைச் சுற்றி வெளியே போனால் விளிம்பு அறுக்கும். உள்ளே, முன்சுவரின் இரு மூலைகளிலும் தளத்திலும், இரும்பு வளையங்கள் வேண்டும். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்துகொடுப்பார்கள். வெறும் தகரத்தில் போல்ட் போடாமல் அடியில் தடித்த பட்டை கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

பெரிய வண்டி எடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றரை டன் சுமக்கும் பிக்கப்பின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் ஒன்றரை டன்னுக்காகச் செய்தவை. அதில் 195 கிலோ பைக் ஒன்றை மட்டும் வைத்தால் ஸ்பிரிங்குக்கு அது இருப்பதே தெரியாது. வண்டி காலியாக ஓடும் வண்டி மாதிரித் துள்ளும், துள்ளல் முழுவதும் பைக்குக்குப் போகும். டயர் காற்றைச் சுமைக்கேற்ற அளவில் வைப்பது பாதி நிவாரணம். எனவே ஒரே ஒரு பைக் வைத்திருப்பவர் பெரிய பொலிரோ வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டிக்கு மஞ்சள் பலகை, முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று. சுமையோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவே சொல்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஏஸ் இதற்குள் எளிதாக அடங்கும். 1.7 டன் சுமக்கும் பொலிரோ அடங்காது. ஓட்டுநர் உரிமத்துக்கு, சாதாரண இலகுரக வாகன உரிமமே 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. பைக்கின் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள். முழுமையான பாலிசியில், பைக் சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் அதில் எதுவும் கிடைக்காது. யெஸ்டிக்கு அதுதான் இருந்தது.

பெங்களூருவுக்குள் பல சாலைகளில் சரக்கு வண்டிகளுக்கு நெரிசல் நேரக் கட்டுப்பாடு உண்டு. தடத்துக்குப் போகிறவர்கள் எப்படியும் விடியுமுன் கிளம்பிவிடுவதால் போகும்போது தொல்லையில்லை. ஞாயிறு இரவு திரும்பும்போதும் இல்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டால் மட்டும் யாராலும் உதவ முடியாது.

சித்தி மகனோடு கணக்குப் போட்டோம். அவன் தடத்துக்குப் போவது வருடத்தில் நான்கு முறை. அதற்கு வண்டி வாங்குவது, கறிவேப்பிலைக்காகத் தோப்பு வாங்குவது போல. எட்டடித் தொட்டியுள்ள வண்டியை வாடகைக்கு எடு, ஓட்டுநரிடம் முன்கூட்டியே தொட்டியின் நீள அகலத்தை அளந்து படம் அனுப்பச் சொல், பலகையும் பெல்ட்டுகளும் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. மாதத்துக்கு இரண்டு முறை போகத் தொடங்கினால் அப்போது இன்ட்ராவோ தோஸ்த்தோ பார்ப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் முதல் பயணம் முடித்துத் திரும்பினான். ஏற்றியதெல்லாம் ஒழுங்கு. இறக்கும்போதுதான் அழைத்தான். “முன் பிரேக்கைப் பிடித்தாலும் வழுக்குகிறதே அண்ணா?”

வழுக்கத்தான் செய்யும். பின்பக்கமாக இறக்கும்போது எடையில் பெரும்பகுதி கீழே இருக்கும் பின் சக்கரத்தில் சாய்ந்துவிடுகிறது. முன் சக்கரத்தில் பிடிப்பு குறைவு, அதைப் பூட்டினால் பலகையில் சறுக்கிக்கொண்டு வரும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் விட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துப் பிடித்தால் பின் சக்கரத்துக்கு அதுவே பிரேக். ஒருவர் ஹேண்டில்பாரில், ஒருவர் பின்னால் பக்கவாட்டில், பைக்கின் நேர் கீழே யாரும் நிற்காமல். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இறக்கினான். கிளட்ச் விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் சங்கிலி டக் டக்கென்று இழுபடுவது எனக்கு இங்கே கேட்டது. ஏழாவது டக்குக்குப் பிறகு டயர் தரையைத் தொட்ட சத்தம் வந்தது.